காணாமல் போன கோழி: திருகோணமலையில் கோழி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உப்புவெளி, சாம்பல்தீவு, ஆண்டாங்குளம், கின்னியா, தம்பலகாமம் என்று எந்தப் பக்கம் போனாலும் நாலைந்து ஊர்க்கோழியாவது மேயாத வளவு குறைவு. கோழி வளர்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் கேள்விகளில் பாதி தீனைப் பற்றியதும் இல்லை, முட்டையைப் பற்றியதும் இல்லை. "நேற்று வரைக்கும் நின்றது, இன்றைக்குக் காணவில்லை" என்பதுதான். அப்படி வந்த கேள்விகளை இங்கே சேர்த்து, தெரிந்த பதில்களோடு தந்திருக்கிறேன்.

மாலையில் கூடு மூடும்போது ஒரு பேடு குறைகிறது. முதலில் என்ன செய்வது?

வெளிச்சம் இருக்கும்போதே தேடுங்கள். இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. எந்த இடத்தில் இருள் பிடித்ததோ அங்கேயே ஒதுங்கிவிடும், கூப்பிட்டாலும் அசையாது. அதனால் காணாத கோழி பெரும்பாலும் தூரத்தில் இல்லை. முருங்கை, மா, வேம்புக் கிளைகளில், குசினிக் கூரையில், அடுக்கி வைத்த கிடுகுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த வள்ளத்துக்கு அடியில் பாருங்கள். நாம் தரையைப் பார்த்தே தேடுவோம், அது தலைக்கு மேலே இருக்கும். டோர்ச்சை மேலே அடித்துப் பாருங்கள்.

கட்டுக் குறைந்த கிணறு, மூடாத மலசலகூடக் குழி, பாதி தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் பரல் மூன்றையும் கட்டாயம் எட்டிப் பாருங்கள். குஞ்சுகள் போவது அதிகம் பரலில்தான். தீன் போடும்போது எப்படிக் கூப்பிடுவீர்களோ அதே குரலில், அதே பேணியைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். புதிய குரலுக்குக் கோழி வராது.

அப்புறம் பக்கத்து வளவு. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத கோழியென்றால் அயல்வீட்டுச் சேவலின் பின்னால் போய் அங்கேயே படுத்திருக்கும். புதிதாக வாங்கியதை ஒரு வாரமாவது கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீன் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

மூன்று நாளாக இல்லை. இறகும் கிடக்கவில்லை, இரத்தமும் இல்லை. செத்துவிட்டதா?

அதற்குள் அழ வேண்டாம். முட்டை இட்டுக்கொண்டிருந்த பேடு தடயமே இல்லாமல் மறைந்தால், எங்கோ ஒளித்து அடைக்குக் கிடக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். ஊர்க்கோழிக்கு இந்தக் குணம் இன்னும் போகவில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டையை நாளுக்கு ஒன்றாகப் பற்றைக்குள் இட்டுச் சேர்த்துவிட்டு ஒரு நாள் அதன்மேல் உட்காரும். அன்றைக்குத்தான் நமக்குக் காணாமல் போகும். 21 நாளில் குஞ்சு பொரியும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை, பத்து இருபது நிமிடம் போல, இரைக்கும் தண்ணீருக்கும் எழுந்து வரும். ஓடிவந்து அவசரமாகக் கொத்தும். இறகெல்லாம் சிலிர்த்து, இரண்டு மடங்கு பருத்ததுபோலத் தெரியும். மற்றக் கோழி கிட்ட வந்தால் கொக்கொக்கென்று சீறும். ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்த எச்சத்தைப் பெரிய கட்டியாகப் போடும், அதன் நாற்றம் தனி. வளவில் அப்படி ஒன்று கிடந்தால் உங்கள் கோழி உயிரோடுதான் இருக்கிறது. தீன் போடும் இடத்துக்குத் தள்ளி ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். வந்து தின்றுவிட்டுத் திரும்பும்போது பின்னால் ஓடாதீர்கள். ஆள் பார்க்கிறதென்று தெரிந்தால் நேரே போகாது, வேறு பக்கம் மேய்ந்து ஏமாற்றும். வேலி மூலையைத் தாண்டும்வரை விட்டுப் பிறகு போங்கள்.

கண்டபின் அங்கேயே விட வேண்டாம். அடைக்கோழி தன் இடத்தைவிட்டு எழாது, அதனால்தான் கீரிக்கும் கபறக்கொய்யா என்ற பெரிய நீர் உடும்புக்கும் அது சுலபமான இரை. நன்றாக இருட்டிய பிறகு முட்டைகளையும் கோழியையும் தூக்கி, வைக்கோல் போட்ட கடகத்திலோ பெட்டியிலோ வைத்து மூடிய அறைக்குள் விடுங்கள். இருட்டில் மாற்றினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு வாரம் கடந்த முட்டைகளை டோர்ச் வாயில் வைத்துப் பார்த்தால், கரு கூடாததில் வெளிச்சம் தெளிவாக ஊடுருவும், கரு வைத்ததில் நரம்போடியிருக்கும். தெளிவானதை எடுத்துவிடலாம்.

எது பிடித்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரத்தையும் மிச்சத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அயலவரில் சந்தேகப்படுவதற்கு முன் இந்த வேலையைச் செய்யுங்கள். காலை வெயிலில் தரையைக் கூட்டிவிட்டால் தடயம் போய்விடும், ஆகவே விளக்குமாற்றைக் கொஞ்சம் பொறுத்து எடுங்கள்.

பட்டப்பகலில் போனால் கீரி, நாய், பருந்து, உடும்பு இவைதான். கீரி கழுத்திலும் தலையிலும் கடிக்கும். இரத்தத்தைக் குடித்துவிட்டு உடலை விட்டுப் போகிறது என்று சொல்வார்கள். உண்மையில் கடித்ததும் கோழி செத்துவிடும், தூக்கிக்கொண்டு போக முடியாத பாரம் என்பதால் தலைப்பக்கத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். அடைத்த கூட்டுக்குள் புகுந்தால், பதறிப் பறக்கிற எல்லாவற்றையும் கடிக்கும்.

நாயின் வேலை வேறு. பசிக்காக அல்ல, துரத்துகிற ஆசையில் கொல்லும். நாலைந்து கோழி வளவெல்லாம் சிதறிக் கிடக்கும், முதுகிலும் தொடையிலும் பல் பட்டிருக்கும், தின்றிருக்காது. இறகு நீண்ட கோடாக இழுபட்டுக் கிடந்தால் துரத்தல் நடந்திருக்கிறது. வட்டமாக ஒரே இடத்தில் குவிந்து, பக்கத்தில் உடல் இல்லையென்றால் மேலிருந்து இறங்கியிருக்கிறது. காட்டோரக் கிராமங்களில் வளர்ந்த பேட்டையே அமுக்கக்கூடிய குடுமிப் பருந்து உண்டு. கரையோரம் மீனுக்குச் சுற்றுகிற செம்பருந்து குஞ்சோடு நின்றுவிடும்.

இரவில் என்றால் மரநாய். பழைய வீடுகளின் கூரைக்குள்ளேயே குடியிருக்கும், கூட்டின் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் அதன் வாசல். குளக்கரை, வயல், கண்டல் பக்கமுள்ள வீடுகளில் காட்டுப்பூனையும் மீன்பிடிப் பூனையும் வரும். இவை கோழியைக் கவ்விக்கொண்டு போய்விடும், வேலி தாண்டிய இடத்தில் ஓரிரண்டு இறகு மட்டும் தொங்கும். நரி அந்திக் கருக்கலிலும் விடிய முன்னும் வரும், அதுவும் முழுதாகத்தான் தூக்கும். வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பு விழுங்கினால் இறகுகூட மிஞ்சாது. ஆனால் புகுந்த ஓட்டையால் வயிறு பருத்தபின் வெளியே போக முடியாமல், விடிந்து பார்க்கும்போது கூட்டு மூலையிலேயே சுருண்டு கிடப்பதும் உண்டு.

நாலைந்து கோழி ஒரே இரவில், இறகும் சத்தமும் இல்லாமல், கொண்டி ஒழுங்காகத் திறந்த நிலையில் போயிருந்தால், அது இரண்டு கால் நரி.

குஞ்சுகள் மட்டும் நாளுக்கு ஒன்றாகக் குறைகின்றன.

பகலில் காகமும் வல்லூறும், இரவில் எலியும் பெருச்சாளியும். நகரத்துக்குள் காகம்தான் முதல் எதிரி. மீன் சந்தையும் குப்பையும் இருக்கும்வரை அதற்குக் குறைவிருக்காது. இரண்டு காகம் சேர்ந்து வரும், ஒன்று தாயைச் சீண்டி இழுக்க, மற்றது பின்னாலிருந்து குஞ்சைத் தூக்கும்.

முதல் நாலைந்து வாரம் குஞ்சுகளைத் தாயோடு கரப்புக்குள் (கவிழ்த்து மூடுகிற கூடை) விடுங்கள், அல்லது மேலே மூடிய சிறு அடைப்பில் விடுங்கள். திருகோணமலையில் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, கரையோரத்தில் யாரிடம் கேட்டாலும் பழைய மீன் வலை கிடைக்கும். நாலு கம்பு நட்டு மேலே இழுத்துக் கட்டினால் காகமும் பருந்தும் இறங்காது. ஒன்று கவனம்: வலையை மேலுக்கு மட்டும் போடுங்கள். தரையில் தளர்வாகக் கிடந்தால் பாம்பு சிக்கும், பிறகு அதை எடுக்கப் போகிறவருக்குத்தான் கடி. குஞ்சின் காலும் சுற்றிக்கொள்ளும்.

இரவில் குறைந்தால் கூட்டுத் தரையைப் பாருங்கள். பெருவிரல் அளவு துவாரம் எலிக்குப் போதும். கூட்டுக்குள் இரவில் தீன் வைக்கவே வேண்டாம். சிந்திய குருணலுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

முட்டை மட்டும் காணாமல் போகிறது. பாம்பா?

பாம்பாகவும் இருக்கலாம், உடும்பாகவும் இருக்கலாம். முட்டை ஓடுகூட இல்லாமல் போனால் பாம்பு விழுங்கியிருக்கும். உடைந்த ஓடும் ஈரமும் கிடந்தால் காகம், எலி, சில நேரம் கோழியேதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் யாரும் எடுக்கவில்லை, கோழி வேறு இடத்தில் இடுகிறது. காலை ஆறு மணிக்கே கூட்டைத் திறந்துவிட்டால் இடும் இடத்தை அது தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பத்து மணிவரை அடைத்து வைத்துப் பாருங்கள், இரண்டொரு நாளில் முட்டை திரும்பக் கிடைக்க ஆரம்பிக்கும்.

இருட்டான முட்டைப் பெட்டிக்குள் பார்க்காமல் கையை விடாதீர்கள். நாகமும் முட்டைக்கு வரும். பிள்ளைகளை முட்டை எடுக்க அனுப்புகிற வீடுகளில் இதைச் சொல்லியே அனுப்ப வேண்டும்.

பக்கத்து வீட்டார் பிடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எப்படிக் கேட்பது?

"எங்கட கோழியை எடுத்தீங்களோ" என்று தொடங்கினால் கோழியும் வராது, உறவும் போகும். "எங்கட பேடு ஒன்று இந்தப் பக்கம் வந்து நிற்குதோ அக்கா, உங்கட கோழியோட சேர்ந்து படுத்திருக்கும்போல" என்று கேளுங்கள். உண்மையிலேயே அங்கே நின்றாலும் அவர் முகம் கெடாமல் பிடித்துத் தர வழி விட்ட மாதிரி இருக்கும்.

உங்களுடையது என்று காட்ட அடையாளமும் வேண்டும். சிவப்புக் கோழி ஊரெல்லாம் இருக்கிறது. காலில் நிறப் பிளாஸ்டிக் வளையம் போடுங்கள், குஞ்சு வளர வளர மாற்றாவிட்டால் காலை இறுக்கி வெட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம். போனில் ஒவ்வொன்றையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். கொண்டையின் வெட்டும் கால் நகத்தின் நிறமும் கோழிக்குக் கோழி மாறும். கோயிலுக்கு நேர்ந்து விட்ட சேவல் என்றால் அதை அக்கம்பக்கத்துக்குச் சொல்லி வைப்பது நல்லது. கள்ளனுக்குக்கூட அதில் கை வைக்கக் கொஞ்சம் பயம் இருக்கும், எல்லாக் கள்ளனுக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பூட்டை உடைத்துப் பல கோழி போயிருந்தால் அயலவரோடு பேச்சுத் தேவையில்லை. பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். கோழிக்காகப் பொலிசுக்கா என்று சிரிப்பார்கள். ஆனால் ஒரே ஒழுங்கையில் நாலு வீடு முறையிட்டால் இரவு ரோந்து அந்தப் பக்கமும் வரும். சித்திரை வருசம், தீபாவளி, நத்தார் நெருங்கும்போது ஆமைப்பூட்டுப் போடுங்கள்.

இந்தக் கேள்விக்கு மறுபக்கமும் இருக்கிறது. உங்கள் கோழி அவர்களின் கீரைப் பாத்தியைக் கிண்டினால் அது அவர்களுக்கு நட்டம். வேலியின் கீழ்ப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு வலை அடித்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கண்ணியோ விஷமோ வைக்கலாமா?

வேண்டாம். விஷம் வைத்த இறைச்சியைக் கீரிதான் தின்னும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் நாய் தின்னும், செத்த எலியைத் தின்ற பருந்து சாகும், அடுத்த நாள் உங்கள் கோழியே கொத்தும். கம்பிக் கண்ணியில் சிறுத்தை சிக்கிச் சாகிற செய்தி இந்த நாட்டில் புதிதல்ல. வெங்கிணாந்தி, மீன்பிடிப் பூனை போன்றவை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, கொன்றால் வழக்கு வரும். கூட்டைச் சுற்றி மின்சாரக் கம்பி இழுப்பது அதைவிட மோசம். மழையில் முதலில் சாகப் போவது முட்டை எடுக்கப் போகிற பிள்ளை. பாம்பு கூட்டுக்குள் மாட்டிக்கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

நாய் கடித்த கோழியைக் காப்பாற்றப் போய் எனக்கும் கீறிவிட்டது.

கோழியை விட்டுவிட்டு முதலில் உங்களைப் பாருங்கள். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய் மட்டுமல்ல, நரிக்கும் கீரிக்கும்கூட விசர் வரும். வழமையாக ஆளைக் கண்டால் ஓடுகிற நரியோ கீரியோ பகலில் பயமில்லாமல் நேரே வந்தால் கிட்டப் போகவே கூடாது.

கூட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

பலர் வாங்குவது அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை. அது கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயை வெளியே வைத்திருக்காது. இரண்டு நாள் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். உப்புக்காற்று அடிக்கிற நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓரிரு வருடத்தில் துருப்பிடித்துக் கையால் உதிர்க்கலாம். அரை அங்குலக் கண் உள்ள ஒட்டுக் கம்பி வலை விலை கூடத்தான், ஆனால் எலி, பாம்பு, கீரி மூன்றுக்கும் ஒரே பதில் அதுதான். எல்லாவற்றுக்கும் அடிக்கக் காசு போதாவிட்டால் கீழ் இரண்டு அடிக்கும் கூரை இடைவெளிக்கும் மட்டும் அதை அடியுங்கள்.

நமது மணல் தரையில் தோண்டுவது நாய்க்கு ஐந்து நிமிட வேலை. கூட்டைச் சுற்றி வலையை ஒரு அடி ஆழத்துக்குப் புதையுங்கள். அது கஷ்டமென்றால் வலையைத் தரையோடு வெளிப்பக்கமாக ஒரு அடி விரித்துக் கல்லை ஏற்றுங்கள். சுவரடியில் தோண்டப் பார்க்கிற மிருகம் வலைமேல் நின்றுகொண்டே தோண்டும், பின்னுக்குத் தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. கால் வைத்து உயர்த்திய பலகைக் கூடு என்றால் இந்த வேலை மிச்சம், மாரி வெள்ளத்துக்கும் நல்லது.

கதவுக்குக் கயிறு கட்டுவதை விடுங்கள். இரும்புக் கொண்டி போடுங்கள்.

அப்படியென்றால் முழு நாளும் அடைத்தே வைக்கலாமே?

வைக்கலாம். அப்படி வைத்தால் ஊர்க்கோழி வளர்ப்பதில் என்ன இலாபம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். திறந்து விட்ட கோழி கறையான், புல், பூச்சி, விழுந்த பழம் என்று பாதி இரையைத் தானே தேடும், முட்டையின் கரு மஞ்சளாக நிற்கும், நெரிசலில் ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். அதற்கான விலைதான் அவ்வப்போது போகிற ஒன்றிரண்டு கோழி. அந்த விலையைக் குறைக்கலாம், முற்றாக இல்லாமல் ஆக்க முடியாது.

என் கருத்து இதுதான். இரவு அடைப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது, பகலில் நேரம் பார்த்து விடலாம். காலை பத்துக்குத் திறந்து, வெயில் இறங்குகிற ஐந்தரைக்குள் ஒரு பிடி குருணலைக் கூட்டுக்குள் வீசிக் கூப்பிட்டு மூடினால், நரியின் இரண்டு நேரமும் தவறிவிடும். அந்த மாலைத் தீனைக் கூட்டுக்குள் மட்டுமே போடுங்கள், இருட்டுமுன் சிந்தியதைக் கோழியே பொறுக்கி முடிக்கிற அளவு போதும். பிறகு நீங்கள் கூப்பிடாவிட்டாலும் வரும். வீட்டில் பகலில் யாருமே இல்லாதவர்கள், நிலாவெளி வீதி போன்ற வாகனம் பறக்கிற வீதியோடு வேலியில்லாத வளவு உள்ளவர்கள், மருந்து அடிக்கிற வயலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அடைப்பிலேயே வளர்ப்பது நல்லது. பண்ணையிலிருந்து வாங்கிய முட்டைக் கோழிகளையும் உடனே திறந்து விடாதீர்கள், பருந்தின் நிழல் விழுந்தால் ஒதுங்க அவற்றுக்குப் பழக்கமில்லை.

சிறகிலுள்ள நீள இறகுகளை வெட்டலாமா என்று கேட்பார்கள். வேலி தாண்டாது, உண்மை. நாய் துரத்தினால் மரத்துக்கும் ஏறாது. அடைப்புக்குள் வளர்ப்பவர் மட்டும் ஒரு பக்கச் சிறகின் இறகுகளை வெட்டட்டும்.

எந்தக் காலத்தில் அதிகம் போகிறது?

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் காட்டோரக் குளங்கள் வற்றும்போது தண்ணீர் தேடி எல்லாம் கிணற்றடிக்கு வரும், கோழியையும் கண்டுகொள்ளும். ஐப்பசி முதல் தை வரை மாரி. பற்றை அடர்ந்து ஒளிய இடம் கூடும், வெள்ளத்தில் பாம்பு மேட்டுக்கு ஏறும், மேடு பெரும்பாலும் உங்கள் கூடுதான். நுளம்பு பெருகுவதால் கோழி அம்மையும் அப்போதுதான் பரவும்.

நாலு நாள் கழித்துத் தானே வந்துவிட்டது, ஆனால் சோர்ந்து நிற்கிறது.

உடனே கூட்டத்தோடு சேர்க்காதீர்கள். தனியாக வைத்துச் சிறகைத் தூக்கிப் பல் பட்ட காயம் இருக்கிறதா என்று பாருங்கள், இறகுக்குள் சின்னதாகத் தெரிகிற கடி உள்ளே ஆழமாக இருக்கும். காயமில்லாமல் கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்து, மூச்சுக்கு வாயைத் திறந்தால் ராணிகெட்டு என்ற கோழிக் கொள்ளை நோயாக இருக்கலாம். நோய் வந்த கோழி ஒதுக்குப்புறமாகப் போய்ப் படுக்கும், காணாமல் போனவற்றில் சில அப்படிப் பற்றைக்குள் செத்தவைதான். தேடும்போது நாற்றம் வந்தால் விட்டுவிடாமல் கண்டெடுத்து, கிணற்றுக்குத் தள்ளிச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். ராணிகெட்டுக்கு மருந்து இல்லை, தடுப்பூசி இருக்கிறது. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு போத்தல் தடுப்பூசி பல கோழிக்குக் காணும், அதனால் ஒழுங்கையில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுவது வசதி.

காட்டுக்கோழியோடு போயிருக்குமா?

காட்டை ஒட்டிய ஊர்களில் இந்தக் கதை அடிக்கடி கேட்கும். நமது நாட்டின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியின் சேவல் விடியலில் வளவோரம் வருவதுண்டு, சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு இருக்கும். வீட்டுப் பேட்டோடு சேர்வதும் எப்போதாவது நடக்கும். ஆனால் பேடு அதன் பின்னால் காட்டுக்குப் போய்க் குடும்பம் நடத்தும் என்று நம்பியிருக்க வேண்டாம். கூட்டுக்கும் தீனுக்கும் பழகிய வீட்டுக்கோழி காட்டில் நிலைப்பது கடினம்.

சேவல் இருந்தால் காப்பாற்றுமா?

எச்சரிக்கும். பருந்தைக் கண்டால் ஒரு சத்தம், தரையில் வருவதற்கு வேறு சத்தம், பேடுகளுக்கு இரண்டும் புரியும். காகத்தையும் பூனையையும் எதிர்த்து நிற்கும் சேவல்கள் உண்டு, நாயிடம் தானே போய்ச் சாகிற சேவலும் உண்டு. காவலுக்கென்றே ஒன்று வேண்டுமானால் இரண்டு கினிக்கோழி வளர்க்கலாம். பாம்பு, நாய், புது ஆள் எது வந்தாலும் ஊரைக் கூட்டும். தபால்காரர் வந்தாலும் கூட்டும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.